அளப்பது கருவி, அறிவது யார்?

திறந்து பார்க்க முடியாத ஒரு பொருளின் உள்நிலையை அறிந்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? உயிரைப் பற்றியும் இறைவனைப் பற்றியும் வாதிடப் புகுந்த தமிழ்ச் சமய நூல்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிக்கவில்லை. ‘இது உண்டு’ என்பவர் அதை எந்த வழியில் அறிந்தார் என்று காட்டியாக வேண்டும். வழி பழுதென்றால், முடிவு தற்செயலாகச் சரியாக அமைந்தாலும் அதை அறிவு என்று அவை ஏற்பதில்லை. அந்தப் பழைய கேள்வி இன்று சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் ஒரு பழைய எலெக்ட்ரிக் காரை விலை பேசுகிறவர் முன்னால் வந்து நிற்கிறது. காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரியில் இருக்கிறது. பேட்டரியோ முத்திரையிட்ட உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் சிறு அடாப்டர் ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைத் துளையில் செருகி, ப்ளூடூத் வழியாகப் போனோடு இணைத்தால், செயலி ஒரு எண்ணைக் காட்டுகிறது: பேட்டரி நலம் 91 சதவீதம். பேரம் அந்த எண்ணில் முடிகிறது. அந்த எண்ணைப் பார்த்தவர் பேட்டரியைப் பார்த்துவிட்டதாக நினைப்பதே பிழையின் வேர் என்பது என் வாதம். அவர் பெற்றது காட்சி அறிவு இல்லை. ஒரு கருதலின் (ஊகித்தறிதலின்) மேல் நிற்கும் உரை (பிறர் சொல்). உரையை உரையாகவே எடுத்துக்கொண்டால் வாங்குபவர், விற்பவர், காரைச் செய்தவர் மூவரின் கடமையும் தெளிவாகத் தெரியும்.

சேலம், நாமக்கல் சமவெளி வண்டிகளை நன்கு அறிந்த பூமி. நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் ரிக் வண்டிகளும், சங்ககிரியின் லாரித் தொழிலும் பல தலைமுறை மெக்கானிக்குகளை வளர்த்திருக்கின்றன. டீசல் வண்டியில் உள்ளிருக்கும் நோய் புலனுக்கு எட்டும் குறிகளாக வெளியே வரும். புகையின் நிறம், ஆயில் மூடியைத் திறந்தால் அடிக்கும் ஆவி, ஏற்றத்தில் எஞ்சின் திணறும் ஒலி, டிப் ஸ்டிக்கில் ஒட்டும் எண்ணெயின் கருமை ஆகியவற்றைக் கண்ணும் காதும் மூக்கும் விரலும் படித்துவிடும். எலெக்ட்ரிக் காரில் இவற்றுள் ஒன்றும் இல்லை. நலமான பேட்டரியும் நலிந்த பேட்டரியும் ஒரே அமைதியோடுதான் ஓடும். குறைந்த தூரப் பயணத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே இந்த மண்ணில் பழகிய கைத்திறம் அப்படியே வழக்கற்றுப் போகிறது. அது இருந்த இடத்தில் ஒரு எண் வந்து உட்காருகிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்புவதும் மறுப்பதும் இரண்டுமே குருட்டுத்தனம்.

பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் மீட்டர் என்று ஒரு கருவி உலகில் கிடையாது. அளக்க முடிந்தவை மூன்றே: ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ், ஓடும் மின்னோட்டம், சில இடங்களின் வெப்பம். காருக்குள் இருக்கும் பேட்டரி மேலாண்மை அமைப்பு, அதாவது பி.எம்.எஸ், இந்த மூன்றையும் தொடர்ந்து எடுத்து, உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்து, தனக்குக் கற்பிக்கப்பட்ட ஒரு கணித மாதிரியில் இட்டு, ‘புதிதாக இருந்தபோது கொண்டதில் இப்போது இவ்வளவு கொள்ளும்’ என்று முடிவு செய்கிறது. இந்தியாவில் பரவலாக ஓடும் பல கார்களில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் வோல்டேஜ் சார்ஜின் பெரும்பகுதி முழுவதும் 3.2 வோல்ட்டை ஒட்டிய ஒரு குறுகிய எல்லைக்குள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதைக் கொண்டு எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்வது கடினம். எனவே மின்னோட்டத்தை எண்ணிக்கொண்டே போக வேண்டும். எண்ணுவதில் சிறு சிறு பிழை சேரும். முழுமையாகச் சார்ஜ் ஏறும்போது அந்தப் பிழை திருத்தப்படும். பல மாதங்கள் பாதிச் சார்ஜிலேயே ஓட்டப்பட்ட காரின் கணக்குத் தடம் விலகியிருக்கலாம். இத்தனைக்கும் பிறகு, எதை நூறு என்று வைப்பது என்ற கேள்வி நிற்கிறது. செல்களின் முழுக் கொள்ளளவையா, ஓட்டுநர் பயன்படுத்தவென்று ஒதுக்கிய பகுதியை மட்டுமா? அதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், அதன் தலைவி வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் கேட்டறியும்போது, முதலில் பேசுபவன் அளவைவாதி. அளவை என்பது அறியும் வழி. வேதவியாசன் கொண்ட அளவை பத்து, கிருதகோடி கொண்டவை எட்டு, சைமினி கொண்டவை ஆறு என்று அவன் எடுத்துரைக்கிறான். 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த நெறிப்படி காட்சி, கருத்து என்ற இரண்டே போதும் என்கிறார். அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவை இயலை வைத்து, பலவாகச் சொல்லப்படுபவை யாவும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். எண்ணிக்கையில் வேறுபட்டாலும் இவர்கள் எல்லோரும் ஒன்றில் உடன்படுகிறார்கள்: ஒரு வழியில் வந்த அறிவை வேறொரு வழியில் வந்ததாக எண்ணிக்கொள்வது தவறு. மலையில் புகையைப் பார்ப்பது காட்சி. அங்கே நெருப்பு உண்டு என்பது கருதல். மலையிலிருந்து இறங்கி வந்தவர் நெருப்பைக் கண்டதாகச் சொல்லக் கேட்பது உரை. இந்தக் கட்டளையில் போன் திரையை வைத்துப் பார்த்தால், வாங்குபவரின் கண்ணுக்குக் காட்சியானது 9, 1 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டுமே. வோல்டேஜிலிருந்து கொள்ளளவுக்குப் போன கருதலை அவர் செய்யவில்லை, பி.எம்.எஸ் செய்தது. அதன் முடிவு அவருக்கு உரையாக வந்து சேர்ந்தது.

கருதல் என்பதால் அது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. தம்மம்பட்டிக்குப் பெயர் தேடித் தந்த மரச்சிற்பிகளின் தொழிலே கருதலில் தொடங்குகிறது. கோயில் வாகனத்துக்கோ தசாவதாரப் பலகைக்கோ வாகையைத் தேர்ந்தெடுப்பவர் கனத்தையும் ரேகையையும் தட்டினால் எழும் ஒலியையும் வைத்து, உள்ளே வெடிப்போ புழுத் துளையோ இருக்குமா என்று கணிக்கிறார். ஆனால் அன்றோ மறுவாரமோ உளி உள்ளே இறங்குகிறது. கணிப்பு சரியா தவறா என்பதைக் கண் காண்கிறது. ஒவ்வொரு மரமும் அவருடைய கருதலைத் திருத்துகிறது. நாற்பதாண்டுத் தொழிலில் அந்தக் கருதல் நம்பத்தக்கதாக முதிர்வதற்கு, இறுதியில் காட்சி வந்து அதைச் சோதித்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். கார் பேட்டரியில் உளி இறங்கும் நாள் வருவதில்லை. 91 என்ற எண் சொன்னபடி உள்ளே இருந்ததா என்று உரிமையாளர் ஒருநாளும் காணப்போவதில்லை. திருத்தப்படாத கருதல் எவ்வளவு நுட்பமான கணிதத்தால் ஆனதாக இருந்தாலும் திருத்தப்படாத கருதலே. ஆகவே அதை நம்புவதற்குரிய அடிப்படையை வேறு எங்கோ தேட வேண்டும். சொல்லும் வாயின் தகுதியில் தேட வேண்டும்.

உரையை எப்போது ஏற்கலாம் என்பதற்கு நியாய மரபு ஆழமான விடை ஒன்றைத் தந்திருக்கிறது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவருக்கு இரண்டு தகுதிகள் வேண்டும் என்கிறார்: சொல்லும் பொருளை அவர் நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் மேலோருக்கும் வேற்று நாட்டாருக்கும் பொது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். பிறப்பும் பட்டமும் சாட்சிக்குத் தகுதி தருவதில்லை. இந்த இரண்டையும் நம் எண்ணிடம் கேட்போம். பி.எம்.எஸ் கொள்ளளவை நேரே அறியவில்லை, கணித்தது. எனவே முதல் தகுதி பாதிதான். இரண்டாவது தகுதி அதற்கு இருக்கவே முடியாது. இயந்திரத்துக்கு உண்மை சொல்லும் விருப்பமும் இல்லை, பொய் சொல்லும் விருப்பமும் இல்லை. விருப்பம் அதற்குப் பின்னால் நிற்கும் மனிதர்களுக்கு உண்டு. எதை நூறு என்று வைப்பது, முதல் ஆண்டுகளின் தேய்மானத்தை எண்ணில் காட்டுவதா மறைப்பதா என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். எந்த அளவுக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவாதக் கடனும் அவர்கள் தலைமேலேயே இருக்கிறது. தன் கடனுக்குத் தானே சாட்சி சொல்பவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டியதில்லை; அவர் சொல்லை இன்னொரு சாட்சியோடு ஒப்பிட வேண்டும் என்பது எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் தெரிந்த நெறி. நடுவில் செய்தி கொண்டு வரும் அடாப்டரும் பழுதற்ற தூதன் ஆகாது. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஈ.எல்.எம் 327 சில்லைப் பார்த்துப் போலிகள் உலகெங்கும் பெருகின. அந்த நிறுவனம் வெளியிடாத 1.5 என்ற பதிப்பு எண்ணைத் தன் அடையாளமாகச் சொல்லும் போலிகள் கடைகளில் சாதாரணம். தன்னைப் பற்றியே உண்மை சொல்லாத தூதன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத்தான் ஏற்க வேண்டும்.

இது வெறும் தருக்கப் பயிற்சி இல்லை என்பதற்கு நியூசிலாந்தில் நடந்ததே சான்று. நிசான் லீஃப் கார் உரிமையாளர்கள் ‘லீஃப் ஸ்பை’ என்ற செயலியையும் இத்தகைய அடாப்டரையும் கொண்டு எடுத்த அளவுகளை ஃப்ளிப் த ஃப்ளீட் என்ற மக்கள் அறிவியல் குழு திரட்டியது. 283 கார்களின் தரவைக் கொண்டு 2018 மார்ச்சில் அது ஒரு முடிவை வெளியிட்டது: 24 யூனிட் பேட்டரி கொண்ட பழைய லீஃப் இரண்டு வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம் நலிகிறது, 30 யூனிட் கொண்ட புதிய லீஃபோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் நலிகிறது. புதிய காரை வாங்கியவர்கள் கலங்கினார்கள். ஆராய்ந்த நிசான், பழுது பேட்டரியில் இல்லை, நலத்தைக் கணிக்கும் மென்பொருளில்தான் என்று அறிவித்து, அதே ஆண்டில் திருத்தத்தை வெளியிட்டது. திருத்தம் ஏறியதும் எண்கள் உயர்ந்தன. செல்கள் முன்பு இருந்தபடியே இருந்தன. நேர்மையான மனிதர்கள், ஒழுங்கான தரவு, முறையான கணக்கு எல்லாம் இருந்தும் முடிவு பிறழ்ந்தது. ஏனென்றால் எல்லோரும் ஒரே சாட்சியின் வாய்மொழியை 283 முறை கேட்டிருந்தார்கள். சைவ சித்தாந்தம் இதைத் திரிபு என்று சொல்லும்: ஒன்றை மற்றொன்றாக உறுதியாகக் கொள்வது. ஐயத்தைவிட அது கொடியது. ஐயம் கொண்டவர் மேலும் தேடுவார். திரிபில் இருப்பவருக்குத் தேடத் தோன்றாது. இதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த உரிமையாளர்கள் தங்கள் எண்களை ஒன்றுதிரட்டிப் பொதுவில் வைத்திராவிட்டால் மென்பொருளின் பழுது அவ்வளவு விரைவில் வெளியே வந்திருக்காது. எண்ணைக் காட்சியாக நம்பியது அவர்களை வழிதவறச் செய்தது; எண்ணைப் பலர் முன் விசாரணைக்கு வைத்தது உண்மையைக் கொண்டுவந்தது.

இரண்டாவது சான்று இன்னும் கடுமையானது. தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 2019இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் கார்களில் 456 கார்கள் 2020 டிசம்பரில் பேட்டரிச் சோதனைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்பே தென்கொரியாவில் தீப்பிடித்த சம்பவங்களைத் தொடர்ந்து பல்லாயிரம் கோனாக்கள் அழைக்கப்பட்டு, பி.எம்.எஸ் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு, குறை தென்பட்டவற்றுக்கு மட்டும் பேட்டரி மாற்றுவது என்று முடிவாகியிருந்தது. 2021 ஜனவரியில் அவ்வாறு புதுப்பிக்கப்பட்ட ஒரு கார் டேகு நகரில் தீப்பிடித்தது. அடுத்த மாதம் உலகெங்கும் சுமார் 82,000 வண்டிகளின் பேட்டரிகளை மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. இங்கே நம் தருக்க நூல்களின் ஒரு நுட்பமான விதி உயிர்பெறுகிறது. காணாமையும் ஒரு சான்றுதான். மேசைமேல் குடம் காணப்படாததால் அங்கே குடம் இல்லை என்று அறிகிறோம். ஆனால் இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்கக்கூடிய பொருளுக்கு மட்டுமே அந்த விதி செல்லும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. செல்லுக்குள் ஒரு நுண்ணிய உற்பத்திப் பழுது, வோல்டேஜிலும் வெப்பத்திலும் தன்னைக் காட்டிக்கொள்ளாத வரை, பி.எம்.எஸ்ஸுக்கு அது இருட்டறை. செயலியில் ‘பிழை எதுவும் இல்லை’ என்று வந்தால் அதன் பொருள், அந்தக் கண்ணுக்கு எட்டும் பிழை இல்லை என்பது மட்டுமே. 

மூன்றாவது, மனிதர் வேண்டுமென்றே செய்வது. இலங்கையில் எலெக்ட்ரிக் கார்களுக்கு வரி குறைவாக இருந்த 2015ஐ ஒட்டிய காலத்தில் ஜப்பானிலிருந்து பயன்படுத்திய லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இறங்கின. அந்தக் காரின் முகப்பில் பேட்டரி நலத்தை 12 கட்டைகள் காட்டும். கட்டைக் கணக்கே உலகெங்கும் பழைய லீஃபின் விலைக் கணக்கு ஆயிற்று. ஆனால் அதே 16 முனைத் துளை வழியாகத் தகுந்த கருவியைக் கொண்டு பி.எம்.எஸ்ஸின் நினைவை அழித்தால், தேய்ந்த பேட்டரியும் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ 12 கட்டைகளைக் காட்டும். பிறகு கணக்கு மெல்ல உண்மையை நோக்கி இறங்கும். விற்பவர் பொய்யாக ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ‘நீங்களே செருகிப் பாருங்கள்’ என்று அடாப்டரை நீட்டினால் போதும். வாங்குபவர் தன் கண்ணால் கண்டதாக நினைத்துக்கொண்டு ஏமாறுவார். உரையைக் காட்சி என்று மயங்குவதன் விலை இதுதான்: பிறர் சொன்னதை விசாரிப்போம், நாமே கண்டதாக நினைப்பதை விசாரிப்பதில்லை.

இதைக் கேட்பவர், அப்படியானால் இந்த அடாப்டரையே தூக்கி எறிந்துவிட்டு, ஓட்டிப் பார்த்த அனுபவத்தை மட்டும் நம்பலாமே என்று சொல்லக்கூடும். இந்த ஆட்சேபத்துக்கு விடை மணிமேகலையிலேயே இருக்கிறது. காட்சி ஒன்றே அளவை, கருதல் செல்லாது என்று பூதவாதி வாதிட்டபோது, அவள் அவனைப் பெற்றோரை எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அதையும் கருதலால் அல்லாமல் அறிய முடியாது. கருதலையும் உரையையும் நீக்கிவிட்டால் வாழ்வில் எதுவும் மிஞ்சாது. விற்பவரின் வாய்ச்சொல்லைவிட, பி.எம்.எஸ் வைத்திருக்கும் பதிவு எத்தனையோ மடங்கு மேலான சாட்சி. செய்ய வேண்டியது அதற்குத் துணைச் சாட்சிகளைத் தேடுவது. அவை அந்தக் கணிப்பைச் சார்ந்திராத சாட்சிகளாக இருக்க வேண்டும். முதல் துணைச் சாட்சி மின்சார மீட்டர். 30.2 யூனிட் பேட்டரி கொண்ட கார் புதிதாக இருக்கும்போது 20 சதவீதத்திலிருந்து நூறு வரை ஏற ஏறத்தாழ 24 யூனிட் வேண்டும். சார்ஜ் ஏற்றும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 27 யூனிட் வரை ஓட வேண்டும். 21 யூனிட்டிலேயே நிறைந்துவிட்டால் 91 என்ற எண்ணை மறுபடி விசாரிக்க வேண்டும். இந்த 20 சதவீதமும் பி.எம்.எஸ்ஸின் கணிப்புத்தான் என்பதால், முடிந்தவரை காலியாக்கி ஏற்றிப் பார்ப்பது நல்லது. இரண்டாவது துணைச் சாட்சி தம்மம்பட்டிக்குப் பக்கத்திலேயே உயர்ந்து நிற்கிறது. ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரைக் கொல்லிமலை மேல் 1,000 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 4.6 யூனிட் ஆற்றல் செலவாகும். உருளலுக்கும் மோட்டார் இழப்புக்கும் இன்னும் சற்றுக் கூடும். எந்த நிறுவனத்தின் மென்பொருளும் புவியீர்ப்பின் கணக்கை மாற்ற முடியாது. அந்த ஏற்றத்தில் எத்தனை சதவீதம் இறங்குகிறது, இழுவையின்போது எந்தச் செல்லின் வோல்டேஜ் மற்றவற்றைவிட ஆழமாகச் சரிகிறது என்று அதே அடாப்டரில் பார்த்தால், ஆதாயம் எதிர்பார்க்காத ஒரு சாட்சியை விசாரித்ததாகிறது.

இன்னொரு ஆட்சேபம் தத்துவ நோக்கில் கூர்மையானது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் கருதல்தானே? பாதரசம் விரிவதைக் கண்டு வெப்பத்தைக் கருதுகிறோம். எல்லா அளவீடும் கருதல் என்றால் பேட்டரி எண்ணை மட்டும் பிரித்துக் குறை சொல்வது நியாயமா? காட்சிக்கும் கருதலுக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம் என்பதை ஏற்கிறேன். நம் மரபிலேயே அதுபற்றி நீண்ட வாதங்கள் உண்டு. ஆனால் நம்பிக்கைக்குரிய அளவீட்டையும் மற்றதையும் பிரிப்பது அந்தக் கோடு அன்று. தெர்மாமீட்டரின் கருதல் விதி எல்லோருக்கும் தெரியும். ஒரு தெர்மாமீட்டரை இன்னொன்றோடு ஒப்பிடலாம். கொதிக்கும் நீரும் உருகும் பனிக்கட்டியும் யாருக்கும் சொந்தமில்லாத பொது எல்லைகளாக நிற்கின்றன. பேட்டரி எண்ணின் விதி நிறுவனத்தின் பெட்டகத்துக்குள் இருக்கிறது. ஒரே காரில் இரண்டு செயலிகள் இரண்டு எண்களைக் காட்டினால் எதை ஏற்பது என்பதற்குப் பொது எல்லை இல்லை. கருதலாக இருப்பதில் குறை இல்லை; பிறர் பின்தொடர்ந்து சரிபார்க்க முடியாத கருதலாக இருப்பதுதான் குறை. சித்தியார் கருதலைத் தன்பொருட்டு, பிறர்பொருட்டு என்று இரண்டாகப் பிரிப்பதன் பயன் இங்கே விளங்குகிறது. தனக்குத் தெளிவதற்கு மனதுக்குள் செய்யும் கருதலில் ஏதுவை, அதாவது காரணத்தை, எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிறரை நம்பச் செய்ய வேண்டுமென்றால் ஏதுவையும் எடுத்துக்காட்டையும் வெளியே வைத்தாக வேண்டும். பி.எம்.எஸ் தனக்காகச் செய்த கருதலின் முடிவை மட்டும், ஏதுவைக் காட்டாமல், பிறரிடம் விலைக்குச் செலுத்துகிறார்கள்.

மூன்றாவது ஆட்சேபம் சந்தையிலிருந்து வருகிறது. வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது பழைய வணிக நெறி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் அந்த அடிப்படையில் தொடங்கிச் சில விலக்குகளைத் தருகிறது. இருவருக்கும் பெட்டி மூடித்தானே இருக்கிறது, விற்பவர் ஏன் தாமாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். இருவரும் சமமாக அறியாதவர்கள் என்ற நிலை இருந்தவரை இந்த வாதத்துக்கு ஓரளவு வலு இருந்தது. சில நூறு ரூபாய்க் கருவி வந்த பிறகு அந்தச் சமநிலை போய்விட்டது. கார் பல கோடைகளை எந்த நிழலில் கழித்தது, வேகச் சார்ஜர் எத்தனை முறை பயன்பட்டது, எண் எந்த வேகத்தில் இறங்கி வந்தது என்பதெல்லாம் சொந்தக்காரருக்கு ஆண்டுக்கணக்கில் கிடைத்த அறிவு. வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு மாலைப் பொழுது. 40 டிகிரியைத் தொடும் சேலத்து வெயிலில் முழுச் சார்ஜோடு நிறுத்தி வைத்த பேட்டரி விரைவாக மூப்படையும் என்பது வேதியியல். அந்த வரலாறு எண்ணில் முழுதாகத் தெரியாது. அறியும் வழி கையில் இருக்கும்போது அறியாமல் இருப்பது அறியாமை ஆகாது, தேர்வு ஆகும். வணிகருக்கான நெறியை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்ததையும், பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணச் சொன்னதையும் இங்கே நினைக்க வேண்டும். வாய்மை அதிகாரத்தில் அவர் வாய்மையை அளப்பதும் சொல் நிகழ்ந்ததோடு பொருந்துகிறதா என்பதால் அன்று, அது தீமை பயக்கிறதா என்பதால்தான். திரையில் உள்ள எண்ணை உள்ளபடியே காட்டிவிட்டு, அதற்கு முந்தைய வாரம் நினைவை அழித்ததையோ, கோடைதோறும் தூரம் குறைந்ததையோ சொல்லாமல் விடுபவர் மெய்யான எண்ணைக் கொண்டு பொய் சொல்கிறார்.

கடைசி ஆட்சேபம் காரைச் செய்பவர்களுடையது. பி.எம்.எஸ்ஸின் கதவைத் திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அதில் கை வைப்பார்கள். எண் திருத்தப்படும், சில வேளை உயிருக்கே ஆபத்து வரும் என்கிறார்கள். பேட்டரித் தீயைப் பார்த்த எவரும் இந்த அச்சத்தை எளிதாகத் தள்ள முடியாது. மலிவான போலி அடாப்டர்களை நிரந்தரமாகச் செருகி வைப்பது ஆகாது என்பதும் உண்மை. ஆனால் படிப்பதும் எழுதுவதும் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பேட்டரிச் சட்டம், பேட்டரியின் நலத்தைக் கணிக்க வேண்டிய தரவைப் பேட்டரியை வாங்கியவர் படிக்க மட்டும் அனுமதிக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குமுறை அமைப்பு 2022இல் ஏற்ற 22ஆம் எண் உலகத் தொழில்நுட்ப விதி, காரே தன் பேட்டரி நலத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த எண் உண்மையைவிட 5 சதவீதப் புள்ளிக்கு மேல் மிகைபடக் கூடாது. ஐந்து ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டரில் 80 சதவீதமும், எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டரில் 70 சதவீதமும் மிஞ்ச வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது. இந்த விதிகளின் உயிர்ப்பொருள் எண்ணைக் கொடுப்பதில் இல்லை. எண்ணைச் சொல்பவரைப் பிறர் சோதிக்க இடம் கொடுப்பதில் இருக்கிறது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை இது. கார்களை ஏராளமாகச் செய்து அனுப்பும் தமிழ்நாட்டில், அவற்றை இரண்டாம் கையாக வாங்கும் சிறு ஊர்க்காரருக்கும் அந்த உரிமை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சமயக் கேள்விக்கு வருகிறேன். சிவஞான போதத்தின் ஐந்தாம் நூற்பா, ஐம்பொறிகள் உயிரின் துணையால் பொருள்களை அளந்தும் தாம் அறிவதில்லை என்கிறது. அவற்றைப் போலவே உயிரும் முதல்வனின் துணையால் அறிந்தும் அந்தத் துணையைத் தான் அறியாமல் இருக்கிறது என்று மேலே போகிறது. கண்ணுக்கே அறிவு இல்லை என்றால், கண்ணாடித் திரைக்கும் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிய பெட்டிக்கும் எங்கிருந்து அறிவு வரும்? அளப்பவை அவை, அறிபவர் மனிதர். கருவியிடம் அறிவை ஒப்படைக்கிறவர் உண்மையில் தன் பொறுப்பையும் சேர்த்து ஒப்படைக்கிறார்; ‘ஆப் அப்படித்தான் காட்டியது’ என்ற சொல் அதற்குச் சாட்சி. இந்த நூற்பாவின் மறுபாதி இன்னும் ஆழமாகத் தைக்கிறது. பிறிதொன்றின் துணையால்தான் நாம் எதையும் அறிகிறோம் என்று உணர்ந்தவர், தன் அறிவைப் பற்றி அகந்தை கொள்ளமாட்டார். திரையைக் காட்டி ‘இதுதான் உண்மை’ என்று பேச்சை முடிக்கமாட்டார். ‘இந்தச் செயலி, இந்த நாளில், முழுச் சார்ஜுக்குப் பிறகு இதைச் சொன்னது, மீட்டர் இவ்வளவு காட்டியது, மலையேற்றத்தில் இவ்வளவு இறங்கியது, எனக்குத் தெரிந்த வரலாறு இது’ என்று வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டு வாங்குபவரிடம் கொடுப்பார். வாங்குபவரும் அந்தத் தாளைக் கேட்கத் தயங்கக் கூடாது. எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் தம் சொல்லோடு நிற்கும்போதுதான் வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டாவது தகுதி, உண்மையைச் சொல்லும் விருப்பம், அந்த உரைக்குள் வந்து சேர்கிறது. அந்தத் தகுதியை எந்த அடாப்டராலும் தர முடியாது. விற்பவரும் செய்பவரும்தான் தர வேண்டும்.